கோல்ஃப் பேக்ஸ்விங் (அடிக்குமுன் கிளப்பைப் பின்னால் தூக்குவது) உச்சியில் வலது முழங்கை பறக்கிறது, எப்படி அடக்குவது?

வலது கையில் ஆடுபவன் நான். ஸ்விங்கைப் பின்பக்கமிருந்து வீடியோ எடுத்துப் பார்த்தால், உச்சியில் வலது முழங்கை தரையைப் பார்க்காமல் கோழி இறக்கையை விரித்த மாதிரி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு இறங்குகிறது, டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) பந்து வலது பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது. குட்டை அயர்ன்களில் (கிட்டத்துத் தூரத்துக்கான கிளப்கள்) அவ்வளவு தெரியவில்லை.

சரி என்று அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். துண்டு விழவில்லை, ஆனால் தோள் பாதிதான் திரும்புகிறது, தூரமும் போச்சு. தட்டு ஏந்தும் சர்வர் மாதிரி உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்க வேண்டும் என்கிறார்கள். கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்தால் வருகிறது, பந்தை வைத்ததும் மறந்துவிடுகிறது. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் வேறு முழங்கையைப் பறக்கவிட்டே 18 மேஜர் (பெரிய பட்டப் போட்டிகள்) ஜெயித்திருக்கிறார் (இறங்கும்போது அது அவருக்குத் தானாக உள்ளே வந்துவிடும், எனக்கு வரமாட்டேன் என்கிறது).

இதைத் திருத்தியவர்கள் சொல்லுங்களேன்: உச்சியிலேயே முழங்கையை மாற்றினீர்களா, இல்லை இறங்கும்போது பார்த்துக்கொண்டீர்களா? வலது தோள் வெளிப்பக்கம் சுழல்வதே எனக்குக் குறைவோ என்றும் சந்தேகம், அதைச் சோதிக்க வழி இருந்தால் அதையும்.