வேட்டைக்கறி: அன்றே உறைய வைப்பதா, தொங்கவிடுவதா?

கூர்க்கத்தி:
மானைச் சுட்டால் ஒரு வாரம் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் கறி மெத்தென்று இருக்கும் என்று ஆளாளுக்கு ஓதுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. குடலை எடுத்து, தோலை உரித்து, துண்டு போட்டு அன்றிரவே ஃப்ரீசரில் அடைத்துவிடுவேன். மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கிருமியும் பெருகாது. வெளியே தொங்கும் ஒவ்வொரு மணி நேரமும் கெட்டுப்போவதற்குக் கொடுக்கும் அவகாசம். மறுப்பவர்கள் காரணத்தோடு வரட்டும்.

மலைச்சாரல்:
காரணம் இருக்கிறது. உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைக்கும். அது தளர ஏறக்குறைய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் துண்டு போட்டு உறைய வைத்தால் விறைப்பு பாதியில் நின்றுவிடுகிறது. உருகும்போது தசை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பிடித்து நிறுத்த எலும்பும் இல்லை என்பதால் துண்டு சுருண்டு, சாற்றையெல்லாம் கக்கிவிடும். பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் செருப்புத் தோல்தான். மாறாக, 0 முதல் 4 டிகிரி குளிரில் விட்டு வையுங்கள்; தசையிலுள்ள நொதிகளே நாரைத் தளர்த்திவிடும்.

கூர்க்கத்தி:
அந்த 4 டிகிரி எங்கே தொங்குகிறது, மரக்கிளையிலா? நீங்கள் குளிர் அறையை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். படிப்பவர்களில் பாதிப் பேர் பகலில் 15 டிகிரி ஏறும் கொட்டகையில் தொங்கவிட்டு, உங்கள் பேச்சை நம்பிக் காத்திருப்பார்கள்.

காட்டுவழி:
இருவரும் கடைசி அத்தியாயத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். கறியின் தலையெழுத்து முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. விழுந்த விலங்கின் உடல் 38, 39 டிகிரி சூட்டில் இருக்கிறது; தோலும் ரோமமும் அதை வெளியே விடாது. மேல்தசை விரலுக்குச் சில்லென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். தொடைச்சந்தில் எலும்பை ஒட்டி வெப்பமானியின் ஊசியை இறக்குங்கள், உள்ளே இன்னும் கதகதப்பாக இருக்கும். முதலில் கெடுவது அந்த இடம்தான். பிளந்து பார்த்தால் எலும்பைச் சுற்றிப் பச்சையோடிய சாம்பல் நிறம், மூக்கைத் துளைக்கும் புளித்த வீச்சம். குடலை உடனே எடுங்கள், வெயில் காலமானால் தோலையும் அங்கேயே உரியுங்கள், தொடைகளைப் பிரித்துக் காற்றாட விடுங்கள். பிறகு ஓடைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டால் போதும்.

மலைச்சாரல்:
கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேலும், ஒரு மூலையில் சிந்திய குடல் கழிவை அது உடல் முழுக்கப் பரப்பிவிடும். ஈரம் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கழிவு பட்ட இடத்தைக் கத்தியால் செதுக்கி எறியுங்கள். மற்ற இடங்களைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மேற்பரப்பு காய்ந்து மெல்லிய ஏடு கட்டினால் அதுவே கறிக்குப் பாதுகாப்பு. ஈ உட்காராமல் இருக்கக் காற்றுப் புகும் துணிப்பை போதும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும்.

கூர்க்கத்தி:
தண்ணீர் விஷயத்தில் மலைச்சாரல் பக்கம் நிற்கிறேன். நம்ப முடியவில்லை, ஆனால் நிற்கிறேன். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றியும் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். ஈயக் குண்டு சிதறினால் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப் போய்ப் பதிந்திருக்கும்.

புதுவில்:
ஒரு சந்தேகம். காயம்பட்ட காட்டுப்பன்றி வெகுதூரம் ஓடிய பிறகுதான் கிடைத்தது. கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கிறது. தொங்கவிடலாமா?

மலைச்சாரல்:
வேண்டாம். ஓடி ஓடித் தசையில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து தீர்ந்திருக்கிறது. சாதாரணமாக அது லாக்டிக் அமிலமாக மாறி, கறியின் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5 வரை இறங்கும். கிருமிக்கு அது தடை. உங்கள் பன்றியில் அந்த அளவு 6-க்கு மேலேயே நின்றிருக்கும். இப்படிப்பட்ட கறி சீக்கிரம் கெடும். நன்றாகக் குளிரவைத்து விரைவில் சமைத்துவிடுங்கள்.

கூர்க்கத்தி:
அல்லது உறைய வையுங்கள். பன்றித் தசையிலிருக்கும் டிரிகினெல்லா புழுவும் அதில் செத்துவிடும்.

காட்டுவழி:
இந்த நம்பிக்கைதான் ஆபத்து. 15 சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாத பண்ணைப் பன்றி இறைச்சியை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் புழு சாகும் என்பது சரி. காட்டு விலங்குகளிடம் உள்ள சில டிரிகினெல்லா இனங்கள் உறைபனியையும் தாங்குபவை. கரடிக்கறியை உறைய வைத்துவிட்டு அரைவேக்காடாகத் தின்று நோயில் விழுந்தவர்கள் உண்டு. பன்றியோ கரடியோ, துண்டின் நடுவில் 71 டிகிரி ஏறியாக வேண்டும். மான் வகைகளின் மூளையைத் தாக்கி மெலியவைக்கும் நலிவு நோய்க்கு (CWD) அந்தச் சூடும் உதவாது. அந்த நோய் பரவியுள்ள பகுதியானால் பரிசோதனை முடிவு வரும்வரை கறியைத் தொடாதீர்கள்.

கூர்க்கத்தி:
சரி, பன்றியை வேக வைக்கிறேன். மானைப் பொறுத்தவரை ஒரு நாள் பொறுத்து உறைய வைக்கலாம், அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன். குளிர் அறை இல்லாதவன் அந்த ஒரு நாளை எங்கே ஓட்டுவது? ஐஸ் பெட்டியில் போட்டால் உருகிய தண்ணீரில் கறி ஊறி வெளுத்துவிடுகிறதே?

மலைச்சாரல்:
அடியில் வடிகால் துளையைத் திறந்து, அந்தப் பக்கமாகப் பெட்டியைச் சாய்த்து வையுங்கள். ஐஸுக்கும் கறிக்கும் நடுவே ஒரு கம்பித்தட்டு போட்டால் தண்ணீர் படாது. ஐஸ் குறையக் குறைய நிரப்ப வேண்டும். மறுநாள் துண்டு போட்டு, காற்று துளியும் இல்லாமல் சுற்றி, தேதி எழுதி உங்கள் அருமை ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஏன் கூடாது என்பதற்கு மட்டும் இன்னும் நீங்கள் காரணம் சொல்லவில்லை.