பெராக்சைடு டிரம் உப்புவது வெயிலாலா, துருவாலா?

நகரிப்பாவு:
"ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே பற்றி எரியும், வெயிலில்தான் டிரம் உப்புகிறது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. துணி வெளுக்க நாம் வாங்கும் இந்தப் பெராக்சைடு எரிகிற பொருளே இல்லை. சிதைந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. 50 சதவீதச் சரக்கு ஒரு லிட்டர் முழுதும் சிதைந்தால் சுமார் 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். டிரம் உப்பாமல் என்ன செய்யும்? சிதைய வைப்பது துரு. துருப்பிடித்த வாளியில் மொண்டுவிட்டு, மிச்சத்தை டிரம்மிலேயே திரும்ப ஊற்றுகிறார்கள்.

புத்தூர்க்காரன்:
எழுதியது நான்தான் அண்ணே. பெராக்சைடு சிந்திய கோணி புகைந்து எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர் செத்தது எதனால்? டார்பிடோ என்ற நீரடி ஏவுகணையில் கசிந்த பெராக்சைடால்தானே? நிழலில் இருக்கும் டிரம் ஏன் உப்புவதில்லை, அதைச் சொல்லுங்கள்.

நகரிப்பாவு:
எரிந்தது கோணி. பெராக்சைடு அதற்கு ஆக்சிஜன் கொடுத்தது. கூர்ஸ்க் டார்பிடோவிலும் எரிபொருள் கெரோசின்தான். நிழலில் உப்பாத டிரம்மில் யாரும் துரு வாளியை விட்டிருக்க மாட்டார்கள். துரு, துரு, துரு!

சத்தியவேடு டீச்சர்:
இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு பலவீனமானது, அதுதான் மூலம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் சிதைவு வேகம் சுமார் இரண்டு மடங்காகும். துருவிலிருந்து வரும் இரும்பு அயனி வினையூக்கி, அதாவது தான் தீராமல் சிதைவை வேகப்படுத்தும். பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1818இல் கண்டுபிடித்த பொருள் இது. காஸ்டிக் சோடா போன்ற காரத்திலும் சீக்கிரம் சிதையும்.

நகரிப்பாவு:
டீச்சர், காரத்தைப் பற்றி எனக்கா? காஸ்டிக் சோடா போட்டுத்தான் வெளுக்கிறோம், பெராக்சைடு சட்டென்று சிதையாமல் அடங்கி வேலை செய்யத்தான் சிலிகேட் உப்பு சேர்க்கிறோம். அந்தத் தொட்டியிலேயே ஒரு துருத்துகள் விழுந்த இடத்தில் துணி பொத்தலாகிறது. வெயிலா பொத்தல் போட்டது?

புத்தூர்க்காரன்:
சித்தூர் மாவட்டத்துக்காரர் சொன்னால் வேதவாக்கோ? போர்வெல் தண்ணீரில் வரும் இரும்பை வடிகட்டத் தெரியாமல் துணியைப் பொத்தலாக்கிவிட்டு, எங்கள் பட்டறை வாளியைக் குறை சொல்கிறீர்கள்.

நகரிப்பாவு:
நீங்கள் மட்டும் எந்த மாவட்டமாம்?

புத்தூர்க்காரன்:
2022இலேயே நாங்கள் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டம் ஆகிவிட்டோம். அதுகூடத் தெரியவில்லை.

சத்தியவேடு டீச்சர்:
மாவட்டம் கிடக்கட்டும். அந்த டிரம் மூடியில் காற்றுத்துளை இருந்ததா?

நகரிப்பாவு:
துளை இருந்தால் உப்பாது, சரி. ஆனால் உள்ளே சிதைவை ஆரம்பித்து வைத்தது யார்? அந்த வாளியைத் தேய்த்துப் பாருங்கள், கை சிவக்கும். போன ஆடியிலும் இதே சண்டையில் பதில் சொல்லாமல் ஓடியவர் இவர்.

புத்தூர்க்காரன்:
ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நிழலில் வைத்த டிரம் ஏன் உப்பவில்லை? இன்னும் பதில் வரவில்லை.

நகரிப்பாவு:
துரு இல்லை, அதனால் உப்பவில்லை. இன்னொரு முறை எழுத வேண்டுமா?