டிப்ளமோ முடித்த பெண்ணை ஆலை வேலைக்கு அனுப்பலாமா?

கோட்டையூரான்:
தங்கை மகள் காரைக்குடியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. விடுதி, பஸ், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் வேண்டாம் என்கிறேன். இரண்டு மூன்று வருடம் கால் கடுக்க நிற்க வைத்துவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் புது ஆளை எடுத்துக்கொள்வார்கள். குரூப் 4 எழுதட்டும், ஊரோடு இருக்கலாம்.

ரஸ்தாக்காரி:
ஐயா, குரூப் 4 எழுதுபவர்கள் பல லட்சம் பேர். அதை நம்பி டிப்ளமோவைப் பரணில் போடுவதா? இந்தியா முழுக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, ஆட்கள் போன செட்டிநாட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூரைத் தூரம் என்கிறோம்!

கோட்டையூரான்:
போனவர்கள் ஆண்கள், அம்மா. ஆச்சிமார் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். 40 என்ன, 80 என்றே இருக்கட்டும். அதில் ஃபோர்மேன் எத்தனை பேர்?

ரஸ்தாக்காரி:
ஆச்சிமார் வரவு செலவையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள், அது கிடக்கட்டும். ஃபோர்மேன் கேள்வி சரியான கேள்வி. நான் சி.என்.சி. லேத்தில், அதாவது கணினி ஓட்டும் கடைசல் இயந்திரத்தில், வேலை பார்க்கிறேன். ஆபரேட்டர் ஜாப்பை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டுவார், பொத்தானை அழுத்துவார், கழற்றுவார். டூலை மாற்றி, அதற்கான அளவுத் திருத்தத்தை (ஆஃப்செட்) கொடுத்து, முதல் ஜாப்பை மைக்ரோமீட்டரில் அளந்து ‘ஓட்டலாம்’ என்று சொல்பவர் செட்டர். சம்பளமும் மரியாதையும் அங்கேதான் ஏறும். முன்பு நான் இருந்த ஆலையில் பெண்களை வருடக்கணக்கில் பொத்தானிலேயே நிறுத்தினார்கள். அங்கே புது ஜாப் செட்டிங் பெரும்பாலும் இரவு ஷிஃப்டில் நடக்கும். பெண்களுக்கு இரவு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கோட்டையூரான்:
சட்டமே அப்படித்தானே?

கானாடுகாத்தான் வக்கீல்:
இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களுக்குக் காலை 6 முதல் இரவு 7 மணி வரைதான் வேலை என்றது. சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை 2000ஆம் ஆண்டிலேயே செல்லாது என்றுவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை என நிபந்தனைகளும் போட்டது. அவற்றை நிறைவேற்றச் செலவாகும். அதனால் சிலருக்குப் பழைய சட்டம் மட்டும் வசதியாக ஞாபகம் இருக்கிறது.

ஆத்தங்குடிப் பட்டறை:
வெளியூர் எதற்கு? எங்கள் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைக்கே ஆள் கிடைக்கவில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவதும் உற்பத்தித் தொழில்தான்.

ரஸ்தாக்காரி:
உங்கள் பட்டறையில் அந்தக் கரண்டி யார் கையில் இருக்கிறது, அண்ணா?

ஆத்தங்குடிப் பட்டறை:
ஆண்கள் கையில்தான். பெண்கள் கண்ணாடி துடைக்கிறார்கள், மணல் சலிக்கிறார்கள், கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். பூ ஊற்றக் கை பழக நாளாகும். பழகியபின் கல்யாணமாகிப் போய்விட்டால் நஷ்டம் எனக்கு.

ரஸ்தாக்காரி:
என்னைப் பொத்தானில் நிறுத்தியவர்களும் இதையேதான் சொன்னார்கள். கை பழகிய ஆண்கள் யாரும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறவில்லையா?

ஆத்தங்குடிப் பட்டறை:
ஏறினார்கள். அது வேறு.

ரஸ்தாக்காரி:
கோட்டையூர் ஐயா, சேருமுன் உங்கள் பெண் இரண்டைக் கேட்கட்டும். நியமன உத்தரவு ஆலையின் பெயரிலா, ஒப்பந்ததாரர் பெயரிலா? செட்டிங் பழகப் பெண்களை எடுக்கிறார்களா, இப்போது அங்கே பெண் செட்டர் எத்தனை பேர்?

கோட்டையூரான்:
கேட்கச் சொல்கிறேன். மழுப்பினார்கள் என்றால் குரூப் 4தான்.