கற்பனை உலகத்துக்குள் நீங்கள் எப்படி வந்தீர்கள்? வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் விறாந்தைக்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது மச்சானால்தான். கொழும்பில் படிக்கும்போது பழகிக்கொண்டு வந்தான். 1974இல் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கப் பகடைக் காய் தீர்மானிக்கும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

காய்தான் இங்கே கிடைக்கவில்லை. லூடோப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் நடு எண்களே அடிக்கடி விழும். அதனால் இருபது புளியங்கொட்டையில் வெள்ளை நகப்பூச்சால் 1 முதல் 20 வரை எழுதி, வெறும் பால்மாப் பேணிக்குள் போட்டோம். கண்ணை மூடி ஒன்றை எடுப்பது, பார்த்ததும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குவது. போட மறந்தால் அடுத்தவருடைய வாய்ப்பு மாறிவிடும்.

முதல் கதையில் பனிமலை, கோட்டை, டிராகன். சரி, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் மச்சான் கதையை ஒரு காட்டுக் குளத்துக்கு மாற்றிய இரவு வேறு. அடைமழை, குளம் முட்டிவிட்டது, குளக்கட்டில் கசிவு. வான்கதவைக் காக்கிற பூதம் வழிவிடவில்லை. மந்திரக்காரியான தங்கை சண்டைக்குப் பேணியில் கையை விட்டாள். கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, சண்டையை விடு. கீழ குடிசனம் இருக்கு. முதல்ல அதுகளை மேட்டுக்கு ஏத்து" என்றார். அதையே செய்தோம். இப்போது மாமிக்கும் ஒரு பாத்திரம் உண்டு: ஊர்ப் பரிகாரி. கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டிராகனுக்குப் பயப்படாதவர்கள் அன்று உண்மையாகவே பயந்தோம்.

முள்ளியவளையிலிருந்து:

எனக்கு இந்த உலகம் காது வழியாகத்தான் வந்தது. 'டஞ்சன் சின்த்' கேட்டிருக்கிறீர்களா? 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் 'பிளாக் மெட்டல்' என்ற கடும் ராக் இசைக் கலைஞர்கள் சிலர் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் செய்து கசெட்டில் வெளியிட்ட இசையிலிருந்து வளர்ந்தது. ஒரே மெட்டு மெல்ல மெல்லத் திரும்பி வரும். இடிந்த கோட்டை, பனிப்புகார், பழைய காடு என்று மனம் தானாக இடம் கட்டும். வயல் காவலுக்குப் போகும் இரவுகளில் கேட்பேன், ஒரு காதில் மட்டும். யானை வரும் சத்தத்துக்கு மற்றக் காது வேண்டும். பாதிக் கவனத்தோடு கேட்டாலும் இந்த இசை குறைந்துபோவதில்லை. பின்னணியில் மெல்ல ஒலிக்கும் இசைக்கு 1978இல் 'ஆம்பியன்ட்' என்ற பெயரைப் பரப்பிய ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ எதிர்பார்த்ததும் இதைத்தான்: கவனித்தால் சுவைக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது. மெட்டு நீளம் என்று சிலர் சலிப்பார்கள். விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது ஒரு பொருட்டேயில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

நான் நாவல் பக்கம். புத்தகத்தைத் திறந்ததும் வரைபடத்தைத்தான் தேடுவேன். ஆறு எங்கே கடலில் விழுகிறது, பாதை எந்த மலையைச் சுற்றிப் போகிறது என்று விரலால் தொடர்ந்து போவேன். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் வரைபடத்தில் தொடங்கித்தான் கதையை அதற்குப் பொருத்தினாராம். அதை அறிந்த பிறகு நானும் ஒன்று வரைகிறேன்: கனகராயன் ஆறு, இரணைமடு, அங்கிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை. இடையிலுள்ள காட்டுப் பாதைகளுக்குப் பெரியவர்கள் சொன்ன பழைய பெயர்கள் தெரிந்தால் எழுதுங்கள். நானாக இட்டுக்கட்டும் பெயரைவிட அவைதான் வேண்டும்.