தேடுவதற்கு ஒரு நாள் போதும்: ரெசிடென்ஸ் கார்டைத் தொலைத்தவர்களுக்கு

ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் நேற்று இரவு அழைத்தார். பர்ஸ் காணாமல் போய் ஆறு நாளாகிவிட்டதாம், அந்த நாட்டில் தங்க அனுமதி உண்டு என்று காட்டும் ரெசிடென்ஸ் கார்டும் அதில்தான் இருந்திருக்கிறது. வீடு, அலுவலகம், ரயில் நிலையம் என்று ஆறு நாளும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். "போலீஸுக்குப் போனால் விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமோன்னு பயமா இருக்கு அண்ணா" என்றார். வந்த புதிதில் எனக்கும் இதே பயம் இருந்தது. அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் வேறு போட்டிருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொலைந்தது அட்டைதான், அனுமதி அல்ல. நீங்கள் அந்த நாட்டில் தங்கலாம், வேலை செய்யலாம் என்ற முடிவு அரசின் பதிவில் இருக்கிறது. அட்டை அதற்குச் சாட்சி. பிரிட்டனில் பி.ஆர்.பி. எனப்படும் ரெசிடென்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிட்டன. அதனால் யாருடைய தங்கும் உரிமையும் போய்விடவில்லை; அது இ-விசாவாக ஆன்லைன் கணக்கில் தொடர்கிறது. புகார் கொடுப்பதும் உங்கள் பேரில் ஒரு கறை ஆகாது. ஜெர்மனியில் அட்டை தொலைந்தால் தாமதிக்காமல் தெரிவிப்பது உங்கள் கடமை. ஆகவே சொல்லாமல் இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஒரு நாள் தேடுங்கள். பேருந்து, ரயில் நிறுவனத்தின் தொலைந்த பொருள் பிரிவில் கேளுங்கள், வங்கி கார்டுகளை உடனே முடக்குங்கள். மறுநாள் போலீஸ். திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் திருட்டு என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் தொலைந்தது என்று சொல்லுங்கள். மரியாதை கிடைக்கும் என்று நினைத்துத் தொலைந்ததைத் திருட்டு என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அது பொய்ப் புகார், அதுதான் உண்மையான சிக்கல்.

புகார் நகலைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று உங்கள் பெயரைப் படித்துப் பாருங்கள். நம் பெயர்களில் இது பெரிய தலைவலி. நமக்கு இனிஷியல்தான் வழக்கம், அவர்களுக்கோ குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். குடும்பப் பெயர் காலியான பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை) என்று போடுவதும் இதனால்தான். காவல் நிலையத்தில் வாய்ப்பேச்சில் பெயர் சொன்னால் இனிஷியல் ஒரு பக்கம், அப்பா பெயர் ஒரு பக்கம் என்று ஏறிவிடும். அப்புறம் குடியேற்ற அலுவலகத்தில் புகாரில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் இன்னொன்று செய்ய வேண்டும். அட்டையில் உள்ள சிப்பில் ஆன்லைன் அடையாள வசதியை இயக்கியிருந்தால் 116 116 எண்ணை அழைத்து அதை முடக்குங்கள். முடக்குவதற்கான ரகசியச் சொல், பின் (PIN) நம்பர் வந்த கடிதத்தில் இருக்கும். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது குடியேற்ற அலுவலகம். புகார் நகல், பாஸ்போர்ட், புதிய புகைப்படம், பழைய அட்டையின் நகல் இருந்தால் அதுவும். புது அட்டை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை தற்காலிகச் சான்று ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் பல இடங்களில் தரமாட்டார்கள். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஐ-90 படிவம். அவசரம் என்றால் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம். விண்ணப்பத்தை நீங்களே போட முடியும். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. வேலையிடத்திலும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

இப்போது பயணம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நாட்டை விட்டுப் போவது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. அதனால் கவுன்டரில் போலீஸ் புகாரையோ போனில் உள்ள போட்டோவையோ காட்டினால் ஏற்றமாட்டார்கள். தற்காலிகச் சான்று கையில் இருந்தாலும், இதை வைத்துத் திரும்பி வர முடியுமா என்று குடியேற்ற அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தியாவில் இருக்கும்போதே தொலைந்துவிட்டால் அங்கேயே போலீஸ் புகார் கொடுத்துவிட்டு, நீங்கள் வசிக்கும் நாட்டின் தூதரகத்தை அணுக வேண்டும். ஜெர்மனிக்குத் திரும்ப அவர்களிடம் புதிதாக விசா வாங்க வேண்டும். கனடாவின் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு பி.ஆர்.டி.டி. என்ற பயண ஆவணம் உண்டு, கனடாவுக்கு வெளியே இருந்துதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஐ-131ஏ படிவம். எதுவானாலும் ஓரிரு நாளில் முடியும் என்று எண்ணி டிக்கெட் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டும் சேர்ந்து போய்விட்டதா? அப்படியானால் முதலில் பாஸ்போர்ட், நம் தூதரகத்தில். அது இல்லாமல் அட்டை வேலை நகராது. இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குப் போக மட்டுமே உதவும், திரும்பி வர உதவாது. பிரிட்டனில் இருப்பவர்கள் புது பாஸ்போர்ட் எண்ணை இ-விசா கணக்கில் சேர்த்த பிறகே பயணம் செய்யுங்கள்.

புகார் கொடுத்த பிறகு பழைய அட்டை கிடைத்தால் அதைத் திரும்பவும் பயன்படுத்தாதீர்கள். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் தொலைந்த, திருடப்பட்ட அட்டைகளின் எண்கள் எஸ்.ஐ.எஸ். என்ற பொதுத் தகவல் தளத்தில் ஏறுகின்றன. எல்லையில் அந்த அட்டையை நீட்டினால் உங்களையே நிறுத்தி விசாரிப்பார்கள். குடியேற்ற அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள்.

தம்பி இன்று காலை புகார் கொடுத்துவிட்டார், நகலில் பெயரும் சரியாக இருக்கிறது. கல்யாண அழைப்பிதழை இணைத்து அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அட்டை கையில் இருப்பவர்கள் இன்றிரவே அதன் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, போன் தொலைந்தாலும் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிடுங்கள்.