குச்சி பட்டதும் அப்பளமாக நொறுங்கிய வானவில்

பாமணிக்காரன், மன்னார்குடி

போன ஐப்பசியில் நடந்தது. சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை, மடை பார்க்கப் போனேன். வடிகால் ஓரம் தண்ணீர் தேங்கும் பள்ளத்து மூலையில், ஒரு கோரைப்பாய் விரித்த அகலத்துக்கு, நீர்மேல் நீலமும் ஊதாவும் செம்பு நிறமுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. நான் நகர்ந்தால் நிறமும் நகர்ந்தது. மழைநாளில் பெட்ரோல் பங்க் தரையில் பார்ப்போமே, அதே மினுக்கம்.

எங்கள் ஊர் வழியாக எண்ணெய்க் குழாய் போகிறது. ஆகவே நின்று ரசிக்கத் தோன்றவில்லை, வயிறு கலங்கியது. ஓடிப்போய்ப் பெரியப்பாவை அழைத்துவந்தேன். அவர் வரப்பில் குந்தி உட்கார்ந்தார், முகர்ந்து பார்த்தார், பல் துலக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியாலேயே நீரில் ஒரு கோடு கிழித்தார். படலம் அப்பளம் போல நொறுங்கியது. கோணல்மாணலான சில்லுகளாகப் பிரிந்து, பிரிந்தது பிரிந்தபடியே மிதந்தது.

“எண்ணெயாக இருந்தால் குச்சியை எடுத்ததும் ஓடிவந்து மறுபடி கூடிக்கொள்ளும். இது மண்ணிலிருந்து வரும் துரு. வடிகாலை வெட்டி விடு” என்றார். குச்சியை மீண்டும் வாயில் வைத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்; நல்லவேளையாகத் தூக்கி எறிந்தார்.

வடிகாலை வெட்டினேன். நான்கு நாளில் படலம் போயிற்று, சந்தேகம் போகவில்லை. துரு என்றால் செங்கல் நிறம்தானே? அதற்கு மயில்கழுத்து நிறம் எங்கிருந்து வந்தது? உங்களில் யாராவது இப்படி மினுங்கும் எதையாவது கையால் தொட்டிருந்தால், தொட்ட பிறகு நிறம் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

திருவையாறு டீச்சர்

தம்பி, இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பெரியப்பா செய்தது சரியான சோதனை.

தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றுக்குள் காற்று போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால், கரையாமல் கிடந்த இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. அது மேலே வந்து காற்றைத் தொட்டதும் மறுபடி துருவாகி, காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல நீர்மேல் ஆடை கட்டுகிறது. இந்த வேலையில் கைகொடுக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆடை என்பதால்தான் நொறுங்கியது. எண்ணெய் திரவம், அதனால் கூடிக்கொள்கிறது.

நிறத்துக்கு வருவோம். தலைமுடியின் குறுக்களவு சுமார் 80,000 நானோமீட்டர். அந்த ஆடையின் தடிமன் சில நூறு நானோமீட்டர், அதாவது ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு. ஆடையின் மேற்பரப்பில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. உள்ளே போய் அடிப்பரப்பில் பட்டுக் கொஞ்சம் திரும்புகிறது. வகுப்பில் நான் ஊஞ்சலைத்தான் சொல்வேன். ஒரே ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளுகிறார்கள். இருவர் கையும் ஒரே தாளத்தில் விழுந்தால் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடும். ஒருவர் முன்னே தள்ளும்போது மற்றவர் பின்னே இழுத்தால் நின்றுவிடும். திரும்பிவரும் இரண்டு ஒளியும் நீலத்துக்குத் தாளம் கூடினால் நீலம் தெரிகிறது, அதே இடத்தில் சிவப்பு நின்றுவிடுகிறது. தடிமன் மாறினால் தாளம் மாறும். நாம் சாய்ந்து பார்த்தாலும் மாறும். குறுக்கீட்டு விளைவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். துரு கட்டியாகப் படிந்தால் செங்கல் நிறம், மெல்லிய ஆடையாக நின்றால் மயில்கழுத்து.

தொட்ட அனுபவம் கேட்டீர்கள். என் மாணவன் ஒருவன் பனந்தோப்பில் கிடந்த பனங்காடைச் சிறகைக் கொண்டுவந்தான். அந்த நீலத்தைச் சாயமாக எடுத்துப் படத்துக்குப் பூச வேண்டும் என்று ஆசை. கத்தரித்து, கல்லில் வைத்து நுணுக்கிப் பார்த்தான். நீலம் இல்லை, கருத்த தூள்தான் மிச்சம். பையன் அழாத குறை. மீதிச் சிறகை விளக்குக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். மறுபக்கமிருந்து பார்த்தபோது அதுவும் மங்கிய பழுப்பாகத்தான் தெரிந்தது. அந்தச் சிறகில் நீலச் சாயம் என்று எதுவுமே கிடையாது. பஞ்சு போன்ற நுண்ணிய துளைகள் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. துளைகள் ஒரே வரிசையில் இல்லாததால், மயில் போலச் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறுவதும் இல்லை.

இந்தப் பனங்காடைச் சிறகைத்தான் சர் சி.வி. ராமன் 1934இல் ஆராய்ந்து எழுதினார். நோபல் பரிசு வாங்கி நான்கு வருடம் கழித்து, சிறகு, சிப்பி என்று உட்கார்ந்துவிட்டார் மனிதர். பிறந்தது 1888இல், நம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவில். அவர் கடலின் நீலத்தை ஆராய்ந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பனங்காடை ராமனைத்தான் பிடிக்கும்.

அரளித்தோட்டம், கும்பகோணம்

டீச்சரம்மா அளவுக்கு எனக்கு விளக்கம் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

கொல்லையில் செவ்வரளி வைத்திருக்கிறோம், பூஜைக்கு. ஒருநாள் பூப்பறிக்கும்போது இலைக்கு அடியில் ஒரு ஜிமிக்கி தொங்கியது. தங்கம்! முதல்நாள்தான் என் நாத்தனார் பெண் ஒரு ஜிமிக்கியைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டிருந்தாள். “கிடைத்துவிட்டது” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அதில் என் முகம் தெரிகிறது. அவ்வளவு பளபளப்பு. தொட்டேன், நெளிந்தது. அலறிவிட்டேன்.

பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு அது. கிளையோடு ஒடித்து, கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, வாயில் துணி கட்டினோம். ஒரு வாரத்துக்கு மேல் தங்கமாகவே இருந்தது. பிறகு ஒருநாள் கருத்தது. மறுநாள் காலை, கரும்பழுப்பில் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சி சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. கூட்டை ஆசையாக எடுத்தேன். வெங்காயச் சருகு. ஒரு குன்றிமணி தங்கம்கூட அதில் இல்லை. அந்தத் தங்கம் எங்கே போயிற்று? பட்டாம்பூச்சியும் எடுத்துக்கொண்டு போகவில்லையே.

ஜிமிக்கி பிறகு வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது.

மேட்டுநிலத்தான், ஒரத்தநாடு

அக்கா, உங்கள் தங்கம் போனது போல எனக்கும் போயிருக்கிறது. வாய்க்கால் கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக்கிடக்கிறதல்லவா, அதன் இலையில் ஆமை போலக் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி வண்டு. ஓரம் கண்ணாடி, நடுவில் சொக்கத் தங்கம். பள்ளிக்கூட நாளில் அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பைக்குள் வைத்தேன். மறுநாள் திறந்தால் செத்துக் கிடந்தது, தங்கம் போய்ப் பழுப்பாக. திருடிவிட்டாய் என்று பக்கத்துப் பெஞ்சுக்காரனோடு சண்டை போட்டேன். அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் பொன்வண்டு அப்படி இல்லை. எங்கள் பக்கம் மேட்டு நிலம், கருவை மரம் உண்டு, பொன்வண்டும் உண்டு. கொடுக்காப்புளி இலை போட்டுத் தீப்பெட்டியில் வளர்ப்போம், முட்டையிட்டதா என்று மணிக்கு ஒரு தரம் திறந்து பார்ப்போம். ஒரு பொன்வண்டுக்கு இரண்டு பலப்பம் விலை. அது செத்து, கால் உதிர்ந்து, உள்ளே எறும்பு தின்ற பிறகும் சிறகோடு மட்டும் பச்சையாக மினுங்கியது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அவர் சிறுவயதில் போட்டுவைத்த ஓடு ஒன்று இருந்தது. அதுவும் நேற்றுப் பிடித்தது போல!

ஒன்று மறுநாளே மங்குகிறது, இன்னொன்று தலைமுறை தாண்டி நிற்கிறது. டீச்சர், ஏன்?

திருவையாறு டீச்சர்

இரண்டுமே அடுக்குதான். வயல் ஆடைக்கு ஒரே படலம். இவற்றுக்குப் பராட்டா போல அடுக்கடுக்காகப் பல படலங்கள். அக்கா பார்த்த கூட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருக்கும், தடிமனும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடிமனும் ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்புவதால், எல்லாம் சேர்ந்து கண்ணாடி போல ஆகிவிடுகிறது. முகம் தெரிந்தது அதனால்தான். ஆனால் அந்த அடுக்குகளில் ஈரம் இருக்கிறது. உயிர் போனாலோ கூடு காய்ந்தாலோ ஈரம் வற்றி, தடிமன் சுருங்கி, தாளம் கெட்டுவிடும். ஆமை வண்டுக்கும் அதே கதை. பொன்வண்டின் ஓடோ இறுகிக் காய்ந்த அடுக்கு. வற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜப்பானில் ஹோர்யூஜி என்ற பௌத்த ஆலயத்தில், 7ஆம் நூற்றாண்டில் பொன்வண்டு இனத்து ஓடுகளைப் பதித்துச் செய்த ஒரு சிறு சன்னிதி இருக்கிறது. பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டாலும் எஞ்சியவற்றில் நிறம் இன்னும் இருக்கிறது. லண்டன் மேடை நடிகை எலன் டெர்ரிக்கு ஆயிரம் பொன்வண்டுச் சிறகு வைத்து உடை தைத்ததும் 1888இல்தான், ராமன் பிறந்த அதே வருடம். வண்டுக்கு இரண்டு சிறகு என்றால் ஐநூறு வண்டு! தீப்பெட்டிக் காலத்தில் உங்களிடம் சொல்லியிருந்தால் ஆயிரம் பலப்பம்.

திருபுவனம் தறி

பட்டு நெசவு செய்கிறோம். மயில்கழுத்து நிறம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

சேலையில் மயில்கழுத்து வர வேண்டுமென்றால் நீளவாக்கில் போகும் பாவு நீலமாகவும் குறுக்கே போகும் ஊடை பச்சையாகவும் ஓட்டுவோம். மடிப்பில் ஒரு நிறம், விரித்தால் ஒரு நிறம். ஒரு கல்யாண வீட்டார், கடையில் பார்த்த நிறம் வீட்டில் இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். குழல்விளக்கின் கீழே நிற்கவைத்து, முந்தானையை ஆட்டிக் காட்டிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கல்லூரியில் படிக்கும் என் மகள் சொன்னாள்: “அப்பா, நீங்கள் செய்வது இரண்டு சாயம். மயில் அப்படிச் செய்வதில்லை.” மயிலிறகு இழைக்குள் நம் தலைமுடியைக் கருப்பாக்கும் அதே மெலனின்தான் இருக்கிறதாம், மிக நுண்ணிய கம்பிகளாக, தறியில் இழை நிற்பது போல வரிசை பிசகாமல். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை. பத்தே நானோமீட்டரில் நிறம் மாற்றுகிறது மயில். எனக்கு இரண்டு சாயத்தொட்டி வேண்டியிருக்கிறது, தண்ணீர்ச் செலவு வேறு.

நம்பாமல் மயிலிறகு ஒன்றைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். நிறம் மங்கியது; உலர்ந்ததும் திரும்பியது. 1665இலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து எழுதிவிட்டாராம். சேலையை முக்கினால் நிறம் அப்படியே இருக்கும். அந்த விஷயத்தில் மயிலைவிட நாங்கள் மேல்.

நாகை படகுத்துறை

சூரை மீனை வெட்டிவைத்தால் சதையில் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒரு மினுக்கம் வரும். கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக வாங்குபவர்கள் கீழே வைத்துவிடுகிறார்கள். சதை இழைகளைக் குறுக்கே வெட்டும்போது ஒரே சீராக நிற்கும் வெட்டுமுகத்தில் ஒளி சிதறுவதால் வருவது அது. சிடி தட்டில் தெரிவது போல. கெட்டதா என்பதை மூக்கை வைத்துப் பாருங்கள்.

தொட்டால் நிறம் போனது என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. முத்துச்சிப்பியின் உள்பக்கத்தை மெழுகில் அழுத்தினால் மெழுகிலும் அந்த நிறம் தெரியும் என்று டேவிட் புரூஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார். சிப்பியின் அடுக்குகள் மேற்பரப்பில் முடியும் இடங்களில் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. அந்த வரிகள் மெழுகில் அச்சாகப் பதிகின்றன. வேளாங்கண்ணியில் வாங்கிய மெழுகுவர்த்தியை உருக்கி நானும் அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் தடவை ரோஜா நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. அது மெழுகின் சாதாரணப் பளபளப்புதான் என்கிறார் என் மனைவி. இன்னும் தீர்ப்பாகவில்லை.

கோட்டூர்வாசி

எல்லாம் சரி, ஒரு வார்த்தை. குச்சி சோதனையை மட்டும் நம்பிக் குழாய் போகும் ஊரில் யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். வாடை அடித்தாலோ, படலம் உடையாமல் கூடிக்கொண்டாலோ, பயிர் கருகினாலோ, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

பாமணிக்காரன், மன்னார்குடி

கோட்டூர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை குச்சியோடு கிளம்பினேன். பள்ளத்து மூலையில் மறுபடி லேசாக ஆடை கட்டியிருந்தது, கிழித்தேன், நொறுங்கியது. டீச்சர், இந்தத் தடவை பயப்படவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள், நடுவே ஊதா. ஆடை எங்கே கனம், எங்கே மெல்லிசு என்று தெரிந்தது.

வரும் வழியில் வாய்க்காலிலும் மினுக்கம். அங்கே கிழித்தபோது நொறுங்கவில்லை. குச்சியைச் சுற்றி வளைந்து, நெளிந்து, எடுத்ததும் ஒன்றாகக் கூடிக்கொண்டது. வாடையும் அடித்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள, அது வந்த வழியே வாய்க்காலில் மேலே நடந்தேன். நூறு அடி போனதும் தெரிந்துவிட்டது. என்னுடைய டீசல் எஞ்சின்தான். குழாய் மூட்டில் கசிவு, எத்தனை நாளாகவோ.

பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாஷர் வாங்க மன்னார்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.