புதுப்பிப்பு: மழைமானிக்கான 3.3 வோல்ற்று ரெகுலேட்டர்

ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலைச் சரிவொன்றில் வைக்கவிருக்கும் மழைமானிக்கு, ஒற்றை 18650 (உருளை வடிவ) லித்தியம் அயன் பற்றரியிலிருந்து 3.3 வோல்ற்று பெற எந்த ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சில்லு) பொருத்தம் என்று முன்னர் கேட்டிருந்தேன். எளிதில் கிடைக்கும் ஏஎம்எஸ்1117 போதும் என்று சிலரும், எம்சிபி1700 நல்லது என்று வேறு சிலரும் எழுதியிருந்தீர்கள். எம்சிபி1700ஐயே தெரிவு செய்துள்ளேன்.

மழைமானி பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருப்பதால், ரெகுலேட்டர் தனக்கென எடுக்கும் மின்னோட்டமே பற்றரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் எடுக்கும். அதாவது நாளொன்றுக்கு 120 மில்லி அம்பியர் மணி, 2500 மில்லி அம்பியர் மணிப் பற்றரி மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெயிலையே காணாத எங்கள் பக்கத்தில் சூரியத் தகட்டை நம்பி இந்த இழப்பை ஏற்க முடியாது. எம்சிபி1700 எடுப்பதோ சுமார் 1.6 மைக்ரோ அம்பியர் மட்டுமே.

அடுத்தது உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே தேவைப்படும் குறைந்தபட்ச இடைவெளி. ஏஎம்எஸ்1117க்கு அது ஒரு வோல்ற்றுக்கும் அதிகம் என்பதால், 4.2 வோல்ற்றுக்கு முழுமையாக ஏற்றிய பற்றரியிலிருந்துகூட 3.3 வோல்ற்று உறுதியாக வராது. எம்சிபி1700க்கு 250 மில்லி அம்பியரிலும் ஏறத்தாழ 0.18 வோல்ற்றே போதும்.

ஆனால் அந்த 250 மில்லி அம்பியர்தான் அதன் எல்லையும்கூட. எனது லோரா வானொலி (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் தரவு அனுப்பும் பகுதி) அனுப்பும்போது 120 மில்லி அம்பியர் அளவே கேட்பதால் சிக்கலில்லை. அதைவிட அதிகம் கேட்கக்கூடிய, வைஃபை கொண்ட ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்திக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளீடு 6 வோல்ற்றைத் தாண்டவும் கூடாது; ஆகவே 6 வோல்ற்றுச் சூரியத் தகட்டை இதில் நேரடியாக இணைக்காதீர்கள், சுமையில்லாதபோது தகட்டின் மின்னழுத்தம் அதைவிட உயரும்.